சித்தூர் கிழக்கில் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு: ஆழம், நீர்வரத்து, செலவு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வீடு கட்டத் தொடங்குகிறவர்களுக்கு அஸ்திவாரத்துக்கும் முன்னால் வந்து நிற்கும் செலவு ஆழ்துளைக் கிணறுதான். கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், மழைமறைவில் கிடக்கும் இந்த ஊர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை எல்லையை ஒட்டிய ஊர்களில் மண்ணும் பாறையும் மழையும் கொங்கு நாட்டைச் சேர்ந்தவை. சட்டமும் விண்ணப்பமும் மட்டும் கேரளத்தைச் சேர்ந்தவை. எவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்த அடியில் நிறுத்துவது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் துளையிடும் ரிக் வண்டியை வரவழைத்து, பாதி ராத்திரியில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்த முடிவை எடுக்க நேர்வதால்தான் இங்கே பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. அந்த இரண்டு முடிவுகளையும் முன்கூட்டியே எடுப்பதற்கு வேண்டியவற்றை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு நாட்டில் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஊரகக் குழாய் இணைப்புக்கான ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு 55 லிட்டர். தாராளமான முதல் அளவையே எடுத்துக்கொண்டாலும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 675 லிட்டர் போதும். இரண்டு மாடுகளும் கொஞ்சம் வாழையும் இருந்தால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 500 லிட்டர் ஊறும் கிணறு, விட்டு விட்டு நாலு மணி நேரம் ஓடினாலே இரண்டாயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பிவிடும். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கான கிணற்றையும் வீட்டுக் கிணற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதால்தான் மணிக்கு 500 லிட்டர் வந்த துளையைக்கூட 'ஃபெயில்' என்று சொல்லி, மேலும் நானூறு அடி இறக்குகிறார்கள். வீட்டுக்கு வேண்டிய அளவை ஒரு தாளில் எழுதி, போர் போடும் நாளில் அதைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

நிலத்துக்குக் கீழே இருப்பது என்ன

சித்தூர் வட்டத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் வகைக் கடினப் பாறை. சில இடங்களில் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மேலே செம்மண், கேரளத்தில் அரிதாகவே காணக் கிடைக்கும் கரிசல் மண்ணும் இந்த வட்டத்தில் உண்டு. மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே மக்கிய பாறை ஓர் அடுக்காகக் கிடக்கும். பழைய திறந்த கிணறுகள் எல்லாம் இந்த அடுக்கின் தண்ணீரை நம்பி வெட்டியவை. அதற்குக் கீழே பாறையில் தண்ணீர் இருக்குமானால் அது விரிசல்களில் மட்டுமே இருக்கும். விரிசல் இல்லாத பாறையில் ஆயிரம் அடி இறக்கினாலும் துளை வறண்டே கிடக்கும். பத்தடி தள்ளிப் போட்டால் கிடைப்பதும், பக்கத்து வீட்டில் கொட்டுகிற தண்ணீர் நம் வீட்டில் இல்லாமல் போவதும் இதனால்தான்.

ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறையின் எடை விரிசல்களை அழுத்தி மூடுவதால், கீழே போகப் போக விரிசல்கள் பொதுவாகக் குறைகின்றன. இந்தப் பகுதியில் ஐந்நூறு, அறுநூறு அடியில் தண்ணீர் கண்ட துளைகள் நிறைய உண்டு. ஆயிரம் அடியைத் தொட்டவையும் உண்டு. ஆனால் ஆழத்தில் கிடைக்கும் விரிசல் நீர் பெரும்பாலும் பல ஆண்டு மழையில் மெல்லச் சேர்ந்தது. அதை நாலு வருஷத்தில் இறைத்துவிட்டால், அடுத்த மழைக்காலம் அதைத் திருப்பித் தந்துவிடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் சித்தூர் வட்டாரம் கேரளத்தின் மிக மோசமான வட்டாரங்களில் ஒன்றாகவே இடம்பெற்று வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி (1970) ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) வர வேண்டும்; மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து அது கால்வாய்களில் பிரிகிறது. கால்வாய்த் தண்ணீர் ஓடும் மாதங்களில் அதன் ஓரத்துக் கிணறுகள் எல்லாம் ஊறும். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், ஏப்ரலில் உண்மை தெரியும்.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பது

இந்த வேலைக்குக் காசு செலவில்லை. இதைவிடப் பயனுள்ள ஆய்வும் இல்லை. உங்கள் மனையைச் சுற்றி முந்நூறு, நானூறு மீட்டருக்குள் உள்ள எல்லா ஆழ்துளைக் கிணறுகளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு போட்டது, மொத்தம் எத்தனை அடி, கேசிங் (துளையின் மேற்பகுதி சரியாமல் காக்க இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, முதல் தண்ணீர் எந்த அடியில் வந்தது, அதிகத் தண்ணீர் எந்த அடியில் வந்தது, இப்போது மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, மே மாதம் எத்தனை நிமிடம் ஓடினால் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்குகிறது என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சொல்லும் மொத்த ஆழத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆயிரம் அடி போட்டதைப் பெருமையாகச் சொல்கிறவர், தண்ணீர் வந்தது நானூற்று இருபதில்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

உண்மையான கணக்கு ஊரில் மோட்டார் கழற்றி மாட்டும் மெக்கானிக்கிடம் இருக்கும். எந்த வீட்டில் எத்தனை நீளம் பைப் இறங்கியிருக்கிறது, எந்த வருஷம் இரண்டு பைப் கூட்டினார்கள், எந்தத் துளையில் சேறு வந்து பம்ப் அடைத்தது என்பதெல்லாம் அவர் கையால் தொட்டு அறிந்தவை. அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசுவது போர் போடுவதற்கு முன் செய்யக்கூடிய மிக நல்ல காரியம்.

பத்துப் பன்னிரண்டு கிணறுகளின் விவரம் கிடைத்துவிட்டால் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். பெரும்பாலானவற்றில் தண்ணீர் 180 அடியிலும் 350 அடியிலும் வந்திருக்கிறது, 450க்குக் கீழே ஒருவருக்கும் எதுவும் சேரவில்லை என்றால், உங்கள் நிறுத்த ஆழம் 450 என்று எழுதிவிடலாம். பாதிக் கிணறுகள் 600 அடியைத் தாண்டி இறங்கிய பிறகுதான் தண்ணீர் கொடுத்தன என்றால், அதற்கான பணம் கையில் இருக்கிறதா என்பதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

இடம் பார்ப்பது

தேங்காயோ வேப்பங்கவட்டையோ வைத்துத் தண்ணீர் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பலர் நேர்மையானவர்கள், நிலத்தின் சரிவையும் மரங்களையும் படித்த அனுபவசாலிகள். ஆனால் அந்த முறை பாறைக்கு அடியில் உள்ள விரிசலைக் காட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. அதற்குக் கொடுக்கும் தொகையை நிலத்தடி நீர் ஆய்வுக்குக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. கேரள நிலத்தடி நீர்த்துறையின் பாலக்காடு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், நீரியல் வல்லுநர் மனைக்கு வந்து பார்ப்பார். தேவைப்பட்டால் மின்தடை ஆய்வும் செய்வார். நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, வெவ்வேறு ஆழத்தில் எவ்வளவு தடை என்று அளக்கும் முறை அது. ஈரமுள்ள மக்கிய பாறை குறைந்த தடையும், கெட்டிப் பாறை மிகுந்த தடையும் காட்டும். கெட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதை இது நன்றாகச் சொல்லும். அதிலிருந்து கேசிங் செலவைக் கணிக்கலாம். ஐந்நூறு அடிக்குக் கீழே விரலளவு விரிசல் இருக்கிறதா என்பதை இதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி உறுதி சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

மனைக்குள் இடம் தேர்வதற்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. கேரளக் கட்டட விதிகளின்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தூரத்துக்குள் கழிவுநீர்த் தொட்டியோ உறிஞ்சு குழியோ இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்தே அளக்க வேண்டும். ரிக் வண்டியும், காற்றழுத்தத்தால் துளையிலிருந்து பொடியையும் தண்ணீரையும் வெளியே தள்ளும் கம்ப்ரசர் வண்டியும் அடுத்தடுத்து நிற்க இடம் வேண்டும். மேலே மின்கம்பி போகக்கூடாது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு பின்பக்கம் போர் போட நினைத்து, வண்டி நுழைய வழியில்லாமல் மதிலை இடித்தவர்கள் உண்டு.

அனுமதி

கேரள நிலத்தடி நீர் (கட்டுப்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. சித்தூர் வட்டாரம் அதன் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி என்பதால், இங்கே புதிதாகக் கிணறு அமைப்பதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும். பொதுக் குடிநீருக்காக நீர் எடுக்கும் ஆதாரத்திலிருந்து 30 மீட்டருக்குள் கிணறு அமைக்கவும் தனி அனுமதி தேவை. வறட்சி அறிவிக்கப்படும் ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் புதிய துளைகளுக்குத் தற்காலிகத் தடை விதிப்பதும் உண்டு. ஆகையால் மார்ச் வரை காத்திருக்காமல் மழை முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டு, அவர்கள் கோரும் தாள்களைக் கொடுத்துவிடுங்கள்.

மலையாளம் எழுத வராதவர்கள் இதற்காகத் தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள தமிழர்கள் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம்.

எல்லை ஊர் என்பதால், கோபாலபுரம் வழியாக ராத்திரியில் வந்து விடிவதற்குள் போட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டுகள் வருவார்கள். கேரளத்தில் பதிவு செய்யாத வண்டியில், அனுமதியின்றிப் போட்ட துளைக்கு ரசீதும் இருக்காது, ஆழத்துக்குச் சாட்சியும் இருக்காது. பிறகு மின் இணைப்பு கேட்கும்போதோ பக்கத்துக்காரர் புகார் கொடுக்கும்போதோ கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

விலை பேசுவது

ரிக் வண்டிகள் பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்தவை. இந்தியா முழுவதும் ஓடும் வண்டிகள் அவை, தொழில் தெரிந்தவர்கள். விலை அடிக்கணக்கில் பேசப்படும். முதல் 300 அடிக்கு ஒரு விலை, அதன் பிறகு ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். அந்த ஏற்றத்தில்தான் பணம் போகிறது. டீசல் விலையோடு அடிவிலையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கீழே உள்ள எண்களை வெறும் கணக்குப் பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லப்படும் விலையை அந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஆறரை இஞ்ச் துளை, முதல் 300 அடிக்கு அடிக்கு 100 ரூபாய், அடுத்த நூறுகளுக்கு முறையே 110, 120, 135, 150, 170 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேசிங் 40 அடி, அடிக்கு 450 ரூபாய். 400 அடியில் நிறுத்தினால் துளைக்கு 41,000, கேசிங்குக்கு 18,000, ஆக 59,000 ரூபாய். 800 அடி போனால் துளைக்கு 98,500, கேசிங்கோடு 1,16,500 ரூபாய். இரண்டாவது நானூறு அடிக்கு மட்டும் 57,500 ரூபாய் ஆகிறது. இதோடு கணக்கு முடியவில்லை. மோட்டார் ஆழத்தில் தொங்குமானால் பைப், கேபிள், கயிறு எல்லாம் நீளும்; குதிரைத்திறன் கூடும். தண்ணீர் மட்டம் 150 அடியில் இருந்தால் ஆயிரம் லிட்டரை மேலேற்றச் சுமார் மூன்றில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் ஆகும். மட்டம் 700 அடிக்கு இறங்கிவிட்டால் அதே ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும் (மோட்டாரும் பம்பும் சேர்ந்து 35 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு).

பேசும்போது கேட்க வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. துளையின் அளவு நாலரையா, ஆறா, ஆறரையா. ஒவ்வொரு நூறடிக்கும் விலை என்ன. குறைந்தபட்சம் இத்தனை அடிக்குப் பணம் என்ற நிபந்தனை உண்டா. கேசிங் பைப் எந்தத் தரம், இறக்கும் கூலி தனியா. வண்டி வாடகை, ஆட்களுக்குப் படி, ஃபிளஷிங் (துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது) ஆகியவை விலைக்குள் அடக்கமா. துளை சரிந்து பிட் (பாறையைக் குடையும் முனை) மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு. ஏஜெண்டின் பங்கு யார் கணக்கில். நாலரை இஞ்ச் துளை மலிவுதான், ஆனால் பம்ப் தேர்வு சுருங்கிவிடும். பைப் சிக்கினால் எடுப்பதும் சிரமம். வீட்டுக்கே என்றாலும் ஆறரை இஞ்ச் போடுவதையே நான் சொல்வேன்.

போர் போடும் நாள்

வீட்டிலிருந்து ஒருவர் கடைசிவரை வண்டியோடு நிற்க வேண்டும். கையில் நோட்டும் பேனாவும், ஒரு பிளாஸ்டிக் சாக்கின் மேல் வரிசையாக மண் குவியல் வைக்க இடமும் இருந்தால் போதும். ஒவ்வொரு ராடு (துளையிடும் இரும்புத் தண்டு) இறங்கும்போதும் நேரத்தைக் குறியுங்கள். அந்த ராடின் போது வெளியே வந்த பொடியில் ஒரு கை எடுத்துக் குவியலாக வையுங்கள். முதலில் செம்மண்ணோ கரிசலோ வரும். பிறகு பழுப்பு நிறத்தில், விரல்களுக்கிடையே தேய்த்தால் நொறுங்கும் மக்கிய பாறை. அதன் பிறகு சாம்பல் நிறத்தில், மாவு போல உலர்ந்த பொடி. அந்த உலர்ந்த பொடி வந்துவிட்டால் கெட்டிப் பாறையைத் தொட்டாயிற்று என்று பொருள்.

கேசிங் அந்தக் கெட்டிப் பாறைக்குள் சில அடியாவது இறங்கி அழுத்தமாக உட்கார வேண்டும். கேசிங்கை மிச்சப்படுத்த நினைத்து மக்கிய பாறையிலேயே நிறுத்தினால், ஒரே மழைக்காலத்தில் மண் சரிந்து மோட்டாரை மூடிவிடும். மேல்மட்டத்து அழுக்குத் தண்ணீரும் உள்ளே இறங்கும். எதிரிடையான தவறும் நடக்கிறது. தேவைக்கு மேல் கேசிங் இறக்கினால் பைப் விற்றவருக்கு லாபம், மேலே இருந்த நல்ல ஊற்று அடைபடுவது உங்களுக்கு நஷ்டம். குவியல்களை வரிசையாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எந்த அடியில் நிறம் மாறியது என்பது கண்முன் இருக்கும்போது வாதம் வராது.

சாம்பல் பொடி திடீரென்று பழுப்பாகவோ ஈரமாகவோ மாறினால், அல்லது ராடு வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால், அங்கே விரிசல் இருக்கிறது. அந்த அடியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மோட்டாரை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு அதுவே ஆதாரம். ராடுகளை நீங்களே எண்ணுங்கள். ஒரு ராடின் நீளத்தை வேலை தொடங்கும் முன்பே நாடா வைத்து அளந்துகொண்டால் மொத்த அடியில் சந்தேகம் எழாது.

நீங்கள் எழுதி வைத்த நிறுத்த ஆழம் வரும்போது, "அண்ணா, இன்னும் நூறடி போட்டாப் போதுங்க, கண்டிப்பா வந்துருங்க" என்ற குரல் எப்படியும் வரும். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அடிக்கணக்கில் கூலி. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது நோட்டை மட்டும்தான். கடைசி நூறடியில் பொடி மாறவே இல்லை, அக்கம்பக்கக் கணக்கிலும் அதற்குக் கீழே எதுவும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் மூன்று கிணறுகள் இன்னும் ஐம்பதடி கீழே கொடுத்திருக்கின்றன என்றால் மட்டும் தொடருங்கள்.

தண்ணீரை அளப்பது

ரிக்காரர்கள் தண்ணீரை இஞ்சில் சொல்வார்கள். வி வடிவத்தில் 90 பாகை வெட்டு உள்ள தகட்டின் வழியே வழியும் தண்ணீரின் உயரம்தான் அந்த இஞ்ச். வெளியே வரும் தண்ணீரைச் சிறு மண்வரப்புக்குள் தேக்கி, தகட்டை நட்டு, தகட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி உயரத்தை அளக்க வேண்டும். ஒரு இஞ்ச் என்றால் மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். ஒன்றரை இஞ்ச் என்றால் 1400. இரண்டு இஞ்ச் என்றால் 2900. மூன்று இஞ்ச் என்றால் 8000க்குச் சற்றுக் குறைவு. உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது என்பதால், தகடு இல்லாமல் கண்ணால் பார்த்து 'ரெண்டு இஞ்ச் இருக்கும்' என்று சொல்வதை ஏற்கவே கூடாது. ஒன்றரையா இரண்டா என்ற சின்ன வித்தியாசத்தில் பாதித் தண்ணீர் காணாமல் போகும். முதலில் சொன்ன வீட்டுத் தேவைக்கு ஒரு இஞ்சே போதும் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

அளக்கும் நேரமும் முக்கியம். ஆறரை இஞ்ச் துளை ஒவ்வோர் அடிக்கும் ஆறரை லிட்டர் தண்ணீரைப் பிடிக்கும். முந்நூறு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் உள்ளே ஏறத்தாழ 1950 லிட்டர் சேர்ந்திருக்கும். கம்ப்ரசர் முதலில் அந்தச் சேமிப்பைத்தான் வெளியே தள்ளும். அது பெருமழை போலக் கொட்டும்போது வீட்டார் மகிழ்ந்து கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். அந்தச் சேமிப்பு தீர்ந்து, ஓட்டம் ஒரே சீராக வந்த பிறகு, குறைந்தது அரை மணி நேரம் கழித்து அளக்கும் அளவே ஊற்றின் அளவு.

பம்ப் மாட்டிய பின் இதைவிட நம்பகமான சோதனை ஒன்றை நீங்களே செய்யலாம். மோட்டார் காற்று வாங்கத் தொடங்கும் வரை இறைத்து நிறுத்துங்கள். கயிற்றில் சிறு எடையும் மிதவையும் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளங்கள். மட்டம் அறுபதடி ஏறியிருந்தால், 60 பெருக்கல் 6.5, அதாவது மணிக்கு 390 லிட்டர் ஊறுகிறது. இதையே ஏப்ரல் கடைசியில் ஒருமுறை செய்தால் கிடைப்பதுதான் உங்கள் கிணற்றின் உண்மையான பலம்.

மோட்டார்

பெரிய மோட்டாரை மாட்டினால் தண்ணீர் அதிகமாகிவிடாது. துளை சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான். ஊற்றுக்கு ஏற்றபடி சிறிய பம்பைத் தேர்ந்து, தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும் டிரை ரன் பாதுகாப்புள்ள பேனலும் டைமரும் வைத்துவிட்டால், மணிக்கு 400 லிட்டர் ஊறும் கிணறும் பல வருஷம் குடும்பத்தைத் தாங்கும். மோட்டாரை அடியில் உட்காரவைக்காமல் இருபது முப்பதடி மேலே தொங்கவிடுங்கள். அடியில் சேறு சேரும். மிகக் குறைந்த ஊற்றுள்ள ஆழமான துளைக்குக் கம்ப்ரசர் பம்ப் பொருந்தும். மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆனால் துளைக்குள் கெட்டுப்போக மோட்டாரே இருக்காது.

குடிப்பதற்கு முன்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு கூடுதலாகக் காணப்படுகிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. இதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவுதான் ஆகும். பல் முளைக்கும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. கூடவே உப்புச் செறிவு (500 மில்லிகிராம், உச்சம் 2000), கடினத்தன்மை (200, உச்சம் 600), நைட்ரேட் (45), ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டும் நுண்ணுயிர்) ஆகியவற்றையும் பாருங்கள். மாதிரி எடுப்பதற்கு முன் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடு கூடுதலாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. கருவி உதவும், மற்ற வேலைகளுக்கு அந்தத் தண்ணீரையே பயன்படுத்தலாம்.

தண்ணீர் வராத துளை

தண்ணீர் இல்லை என்று முடிவானால், ரிக் வண்டி கிளம்புவதற்கு முன்பே துளையின் வாயை மூடிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று சாக்கைப் போட்டு மூடுவது கூடவே கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட துளைக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாள்கணக்கில் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2010இலேயே இதற்கு வழிமுறைகள் வகுத்திருக்கிறது. வேலை நடக்கும்போது சுற்றி வேலியும் அறிவிப்புப் பலகையும் இருக்க வேண்டும். கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் 0.30 மீட்டர் அளவுக்குச் சிமென்ட் மேடை கட்ட வேண்டும். கேசிங்கின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ போல்ட் போட்ட மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். கேசிங்கை உருவி எடுத்து விற்றுவிட்டு, வாய் திறந்த துளையை விட்டுச் செல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது துளைக்குப் பணம் தேடும் முன், மனையில் பழைய திறந்த கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். தூர் வாரி, பக்கவாட்டில் சைடு போர் போட்டு, கூரை மழைநீரை வடிகட்டி உள்ளே விட்டால் உயிர் பெறும் கிணறுகள் இந்தப் பகுதியில் பல. திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம் இந்த வழியில்தான் கூரை நீரைத் திறந்த கிணறுகளுக்குத் திருப்பியது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் ஏறத்தாழ 67,000 லிட்டர் வரும். ஐந்து பேர் வீட்டின் நூறு நாள் தேவை அது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இந்த நீரை நேராக விடாதீர்கள். கூரைத் தூசியும் பறவை எச்சமும் விரிசல் வழியே நேரே குடிநீரில் கலந்துவிடும். துளைக்குச் சில மீட்டர் தள்ளிக் குழி எடுத்து, கருங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போகும்படி ஒரு வால்வும் வைத்து, மண் வழியாக இறங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத இறுதியில், அந்த மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும்.